ஆர்வெல்லுக்கு ஒரு டீ: பீங்கான் பாட் இரவல் கிடைக்குமா?

'பிடித்த எழுத்தாளரோடு ஒரு கோப்பை' சந்திப்புக்கு இம்முறை ஜார்ஜ் ஆர்வெல். டீ போட 1946 ஜனவரியில் 11 விதிகள் எழுதியவர்; அதன்படியே போட ஆசை.

1.1 லிட்டர் பாட்டுக்கு, குவித்து 6 டீஸ்பூன் இந்திய அல்லது சிலோன் தேயிலை. பாட்டை முன்னதாகவே சூடாக்கி, தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும். வடிகட்டியும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ஆடை நீக்கிய பால் கடைசியில்தான்.

சிக்கல் தூளில். கடை டஸ்ட் டீயை இவ்வளவு போட்டால் சட்டென்று கசந்துவிடும். துகளும் அடங்காமல் கோப்பைக்கு வந்து நாக்கில் நறநறக்கும். இலைத் தேயிலை என்றால் ஊறி விரிந்து அடியில் படிந்துவிடும்.

நீலகிரி ஆர்த்தடாக்ஸ் (தூளாக்காமல் சுருட்டி உலர்த்திய) இலையை இந்த அளவில் போட்டவர்கள் சொல்லுங்களேன், எத்தனை நிமிடம் ஊறவிடலாம்? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பீங்கான் பாட்டும் வேண்டும். எனாமல் வேண்டாம், அவருக்கு அது ஆகாது.