பயோ டேங்கில் உப்பு ஏறினால்: கடல் நுண்ணுயிரிகளின் வித்தையும் திருப்பூர் அனுபவங்களும் (புனைபெயர்களில் ஓர் உரையாடல்)

நொய்யல்கரை
சாயத்தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு, அதான் டிடிஎஸ், லிட்டருக்கு 6,000, 7,000 மில்லிகிராம்ல நிலையா வந்துட்டிருந்தா, பாக்டீரியா அழுக்கைத் தின்னு சுத்தம் பண்ற பயோ டேங்க் பழகிக்குமுங்க. ஒரே ஷிப்டுல 12,000-க்கு ஏறுனாத்தான் ஆட்டம் காணும். மொதல்ல காட்டிக்கொடுக்கறது 1 லிட்டர் சிலிண்டர்தான். ஸ்லட்ஜை, அதாவது டேங்குல இருக்கற பாக்டீரியாச் சேத்தை, அதுல அரை மணி நேரம் உக்கார வெச்சா மேல தெளிஞ்சு நிக்கோணும். உப்பு அடி வாங்குன அன்னைக்கு வடிகஞ்சியாட்டக் கலங்கியே கெடக்கும். மாங்காத்துண்டுல உப்புப் போட்டா தண்ணி விடுதில்லீங்களா, அதேதான் செல்லுக்கும். கட்டி உடைஞ்சு உதிர்ந்த செல்லுகதான் அந்தக் கலங்கல்.

டை பாத்தையும் (துணிக்குச் சாயம் ஏத்துன உப்புத்தண்ணி) அலசுன தண்ணியையும் ஒண்ணாக் கலக்காம டேங்குக்கு விடக்கூடாது. உப்பை ஏத்தியே ஆகணும்னா ஒரு படிக்கு 1,000 மேல வேண்டாம். சிலிண்டர் பழையபடி தெளியற வரைக்கும் அடுத்த படி ஏறாதீங்க. ரெண்டு வாரம் கூட ஆகும்.

மைக்ரோஸ்கோப்
அந்த ரெண்டு வாரத்தில் உள்ளே நடப்பது கடலில் எந்நேரமும் நடப்பதுதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வெளியே உப்பு கூடினால் பாக்டீரியா முதலில் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இது சில நிமிடத்தில் முடிகிற அவசர வேலை. பிறகு குளுட்டமேட், புரோலின், கிளைசின் பீட்டெய்ன், எக்டோயின் போன்றவற்றைச் சேர்த்துவைக்கும். இவை எவ்வளவு குவிந்தாலும் செல்லின் புரதங்களைக் கெடுக்காது. தண்ணீரையும் உள்ளேயே நிறுத்திவைக்கும். எக்டோயினை 1985-ல் கண்டுபிடித்தது எகிப்தின் வாடி நட்ரூன் சோடா ஏரியில் எடுத்த பாக்டீரியாவில்.

இந்தச் சரக்கு எல்லாவற்றிலும் நைட்ரஜன் இருக்கிறது என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சாயத்தண்ணீரில் அது பெரும்பாலும் பற்றாக்குறை. பிஓடி (பாக்டீரியா தின்னக்கூடிய அழுக்கின் அளவு), நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:5:1 என்ற கணக்கில், 100 கிலோ பிஓடிக்கு 5 கிலோ டிஏபியும் 9 கிலோ யூரியாவும் வரும். உப்பு ஏற்றுகிற வாரத்தில் இதைக் குறைத்தால் ஸ்லட்ஜ் தேறாது.

உப்புக்கல்
தூத்துக்குடி உப்பளத்துல பாத்தி முத்துனா ரோஸ் கலர் வருதே, அந்தக் கிருமியைக் கொண்டாந்து டேங்குல விட்டா வேலை சுலபமாயிடாதுங்களா? உப்புக்கல்லுக்குள்ளயே உசுரோட இருக்குமாமே?

மைக்ரோஸ்கோப்
கல்லுக்குள் சிக்கிய உப்புநீர்த் துளியில் உயிரோடு இருக்கும், உண்மைதான். ஆனால் நம் டேங்குக்கு ஆகாதுங்க. அது ஹாலோ ஆர்க்கியா என்ற, கடும் உப்பில் வாழும் நுண்ணுயிர் வகை. அதன் வழியே வேறு. செல் முழுக்கப் பொட்டாசியத்தை நிரப்பி, புரதங்களையே உப்புக்கு ஏற்றபடி கட்டிக்கொண்ட இனம். பெரும்பாலானவற்றுக்கு லிட்டருக்கு 90 கிராமாவது உப்பு வேண்டும். லிட்டருக்கு 7 கிராம் உப்புள்ள நம் தண்ணீரில் போட்டால் வெடித்துச் சாகும். ராமேஸ்வரத்துக் கடல்தண்ணீரைக் கேனில் கொண்டுவருவதும் வீண். பெலாஜிபாக்டர் போன்ற நடுக்கடல் இனங்கள் சுமார் 13 லட்சம் எழுத்து மரபணுத் தொகுதியோடு, அரைப்பட்டினிக் கடலுக்கென்றே சிக்கனமாக அமைந்தவை. சாயக்கழிவின் தீனிக்கு அவை சரிப்படாது. கடலோரத்தில் எடுத்தே ஆகவேண்டுமென்றால் கழிமுகச் சேறு தேவலாம். ஓதத்துக்கு ஓதம் உப்பு மாறுகிற இடம். எதையும்விட, அதே உப்பில் ஓடுகிற பக்கத்து டேங்கின் ஸ்லட்ஜ் மேல்.

பவானிக்காரன்
எல்லாரும் உப்பு ஏறுறதையே பேசறீங்க. ஐப்பசி மழையில கூரைத்தண்ணி உள்ள எறங்கி 7,000 மளமளன்னு 3,000 ஆகறதும் அடிதானுங்க. சேத்துவெச்ச சரக்கோட செல்லு உப்பி, வெடிக்காம தப்பிக்கறதுக்கு வால்வைத் தொறந்து எல்லாத்தையும் வெளிய கொட்டிரும். உள்ள வர்ற அழுக்கு லோடு கொறைஞ்ச அன்னைக்கு, வெளிய போற தண்ணியில சிஓடி (வேதி முறையில அளக்கற மொத்த அழுக்கு) ஏறுதுன்னா இதுதான் காரணம். நொரையும் கட்டும். உடனே சாணியைக் கரைச்சு ஊத்தறாங்க. அது லோடை ஏத்தறதுதான். தீனியைப் பாதியாக்கி, ஸ்லட்ஜை வெளிய எடுக்காம, ஊதுகாத்தை ஓட விட்டாப் போதும். நொரைக்கு மருந்தை அள்ளி ஊத்துனா அடுத்து ஆர்ஓ மெம்பரேன் அடைக்கும்.

நொய்யல்கரை
சாயம் ஏத்த கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) ஓட்டற பட்டறைகளுக்கு ஒண்ணு. எல்லாத் தண்ணியும் மொதல்ல சேர்ந்து கலக்கற ஈக்வலைசேஷன் டேங்குல ஊதுகாத்து நின்னா அழுகுன முட்டை வாடை வரும். கடலடிச் சேத்துல ஆக்சிஜன் இல்லாத எடத்துல சல்பேட்டை மூச்சா வாங்கற பாக்டீரியா இருக்குதுங்க. அதே கூட்டம் இங்கயும் குடியேறிரும். கடல்தண்ணியில சல்பேட் லிட்டருக்கு 2.7 கிராம் சுமாருக்குத்தான். கிளாபர் உப்புத் தண்ணியில அதுக்கும் மேல போகலாம். அதுக விடற அந்த அழுகுன முட்டை வாயு (ஹைட்ரஜன் சல்பைடு) கான்கிரீட் மூடியை அடியில இருந்து அரிக்கும், ஆளையும் கொல்லும். வாடை நின்னுருச்சுன்னு உள்ள எறங்காதீங்க. அளவு கூடுனா மூக்கு மரத்துப்போயித்தான் வாடை தெரியாது.

லேப் பெஞ்ச்
சிஓடி எண்ணை நம்புமுன் குளோரைடைப் பாருங்கள். 1 கிராம் குளோரைடு 0.226 கிராம் சிஓடியாகக் கணக்கில் ஏறும். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் குளோரைடு இருந்தால் 680 வரை பொய்க்கணக்கு. குளோரைடைக் கட்டிப்போட, மெர்குரிக் சல்பேட்டை அதன் எடையைப் போல 10 மடங்கு போடுங்கள். அந்தக் கழிவைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது, பாதரசம்.