தொடக்ககால அமெரிக்கப் படங்களின் கறுப்பின நாயகிகள்: மூணு மணி நேரத்தில் எதைத் திரையிடலாம்?

தல்லாகுளத்தான்:
மதுரையில் கல்லூரி மாணவிகளுக்கு ஒரு சனிக்கிழமை திரையிடல் வைக்கிறோம். பொருள், தொடக்ககால அமெரிக்கப் படங்களில் கறுப்பினப் பெண்கள். பிள்ளைகளுக்கு, வேலைக்காரி வேடத்துக்கு ஆஸ்கர் வாங்கிய ஹாட்டி மெக்டேனியல் பெயர் மட்டும்தான் தெரியும். வேலைக்காரி வேடங்களையே காட்டி அனுப்ப மனசில்லை. ஊமைப்படம் என்றால் தமிழில் வாசித்துச் சொல்ல ஆள் இருக்கு. எதை, எந்த வரிசையில் போடலாம்?

நாலாம்வரிசை:
1898இல் செலிக் கம்பெனி சிகாகோவில் எடுத்த 'சம்திங் குட்' துண்டில் தொடங்குங்க. அரை நிமிஷம்தான். கறுப்பினக் கலைஞர்களான ஜெர்ட்டி பிரவுனும் செயின்ட் சட்டிலும் முத்தமிட்டு, கைகோத்து ஆட்டி, சிரித்து, மறுபடி முத்தமிடுவாங்க. கேலி துளியும் கிடையாது. ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க, கண் பழகுமுன்னே முடிஞ்சிடும்.

அடுத்தது முழுப்படம்: கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் 'விதின் அவர் கேட்ஸ்' (1920), சுமார் 79 நிமிஷம். நாயகி ஈவ்லின் பிரியர். அமெரிக்காவின் தெற்கே கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வடக்கே போய் 5,000 டாலர் திரட்டப் பார்க்கும் ஆசிரியை. அவர் முகத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்க. பெரிய கையாட்டல் இல்லை, கண்ணிலேயே கதை நகரும். இன்று நாம் பார்ப்பது ஸ்பெயினில் கிடைத்த பிரதி. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 1993இல் சீரமைத்தது. காட்சிகளுக்கு இடையே வசனமும் விளக்கமும் காட்டும் எழுத்து அட்டைகளில் பெரும்பாலானவை ஸ்பானிஷிலிருந்து மறுபடி ஆங்கிலமாக்கியவை. நடுவில் ஒரு பகுதி தொலைந்துவிட்டது. அங்கே சுருக்க அட்டை வரும், புரொஜெக்டர் கோளாறு என்று நினைக்காதீங்க. கடைசிப் பகுதியில் கும்பல் கொலையும் பலாத்கார முயற்சியும் வருது. முன்கூட்டியே சொல்லிடுங்க.

வைகைக்கரை:
பேசும்படத்தில் 'ஹலேலுயா' (1929), நினா மே மெக்கின்னி நடனமாடும் காட்சி மட்டும் போதும். எம்ஜிஎம் ஸ்டூடியோ அவருக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தம் போட்டது, ஆனால் அதற்கு ஈடான வேடம் பிறகு தரவே இல்லை. திறமை தீர்ந்து போகலை, ஜோடிதான் கிடைக்கலை. 1930இல் எழுதி 1934இல் கறாராக அமலான ஹேஸ் விதிகள் (ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள்) கறுப்பர்–வெள்ளையர் காதலைத் திரையில் தடை செய்தன. வெள்ளை நட்சத்திரத்தோடு சேர்க்க முடியாத நாயகிக்கு ஸ்டூடியோ கதையே எழுதலை.

வெளிர்நிறக் கறுப்பின நடிகை ஃபிரெடி வாஷிங்டன் கதை இன்னும் கொடுமை. 'எம்பரர் ஜோன்ஸ்' (1933) படத்தில், கறுப்பின நாயகன் பால் ராப்சனை வெள்ளைக்காரி அணைப்பதாகத் தோன்றிவிடும் என்று அவர் முகத்தில் கருஞ்சாயம் பூசினாங்க. 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' (1934) படத்தில் லூயிஸ் பீவர்ஸுக்கு மகளாக, வெள்ளைக்காரியாக வாழ முயலும் பெண்ணாக நடித்தார். 1959இல் மறுபடி எடுத்தப்போ அதே பாத்திரம் கறுப்பரல்லாத சூசன் கோனருக்குப் போச்சு. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் விளக்கமே வேண்டாம்.

கடைசியா 'தவ்சண்ட்ஸ் சியர்' (1943) படத்தில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்னின் பாட்டு. கதைமாந்தர் யாரோடும் பேச்சு இருக்காது. வருவார், பாடுவார், போவார். நிறவெறி மிகுந்த தெற்கு மாநிலத் தியேட்டர்காரங்க அந்தத் துண்டை வெட்டினாலும் கதை அறுபடக் கூடாது என்பதற்காகவே இப்படிப் பிரித்துப் படமாக்கினாங்க.

தல்லாகுளத்தான்:
நன்றிங்க. பகல் ரெண்டு மணிக்கு வைக்கலாமா?

நாலாம்வரிசை:
வேண்டாம். சாயங்காலம் ஆறரைக்கு மேல வைங்க. நம்மூர் வெயில் திரைச்சீலை இடுக்கில் கசிந்தாலே கறுப்பு சாம்பலாகும், நடிகையின் முகம் பின்னணியோடு கரைஞ்சிடும். புரொஜெக்டரில் 'விவிட்', 'டைனமிக்' ரெண்டும் கூடாது, நிழலை விழுங்கிடும். 'சினிமா' வைத்து, பிரைட்னெஸை ஏத்தாம காமாவை (நடுத்தர நிழல்களின் வெளிச்சத்தை மாத்தும் அமைப்பு) மட்டும் கொஞ்சம் மாத்துங்க, கன்னத்து மேடுபள்ளம் தெரியும் வரை. ஊமைப்படத்துக்குப் பின்னாளில் சேர்த்த இசைக்கு உரிமையாளர் உண்டு. ஒலியை அணைச்சிட்டு ஒரு வயலினோ ஆர்மோனியமோ வைங்க. வாசிப்பவர் ஒரு அட்டைக்கு எட்டுப் பத்து சொல்லுக்கு மேல போனா அடுத்த காட்சி மேல குரல் விழும், முதலிலேயே சுருக்கி எழுதி வைக்கணும்.

பிறகு கலந்துரையாடலில் பி.கே. ரோசியைக் கொண்டுவாங்க. முதல் மலையாளப் படமாகக் கருதப்படும் 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்த தலித் நடிகை. அதற்காகவே ஊரை விட்டுத் துரத்தப்பட்டார். பிள்ளைகள் தானாகவே பேச ஆரம்பிப்பாங்க.