வைமார் குடியரசு விழுந்த கதை: நம்ம வீட்டு குரூப்ல ஒரு ஞாயித்துக்கிழமை

குழு: நம்ம வீடு
ஞாயிறு, காலை 7:40

செந்தில்: பெரியப்பா, குடியாட்சி ரொம்ப நாள் நிலைக்க என்ன வேணும்னு ஒரு கட்டுரை எழுதணும். வைமார் ஜெர்மனிய, அதாவது முதல் உலகப் போருக்கு அப்புறம் 1933 வரைக்கும் அங்க இருந்த குடியரசை எடுத்துக்கலாம்னு இருக்கேன். "மக்களே ஓட்டுப் போட்டு ஹிட்லரைக் கொண்டுவந்தாங்க"ன்னு ஆரம்பிக்கவா?

பெரியப்பா: வேண்டாம்பா, பாதிதான் உண்மை. சுதந்திரமா நடந்த கடைசித் தேர்தல் 1932 நவம்பர் 6. ஹிட்லரோட நாஜி கட்சிக்கு 33.1%. 584 இடத்துல 196. ஜூலைல வாங்கினதவிட 34 இடம் குறைவு. அடுத்து 1933 மார்ச் தேர்தல். எதிர்க்கட்சிக்காரங்களைப் பிடிச்சு உள்ள போட்டு நடத்துன அந்தத் தேர்தல்லயும் 43.9%தான். தனிப் பெரும்பான்மை ஒரு தடவைகூடக் கிடைக்கல.

பெரியப்பா: ஹிட்லரைச் சான்சலரா (நம்ம பிரதமர் மாதிரி) நியமிச்சது ஜனாதிபதி ஹிண்டன்பர்க், 1933 ஜனவரி 30. முதல்ல நாடாளுமன்ற சபைல ஆதரவைக் காட்டிட்டு வான்னு சட்டம் கேக்கல.

செந்தில்: அப்ப எந்த இடத்துல உடைஞ்சுது?

கவிதா அக்கா: வைமார் அரசியல் சட்டத்துல மூணு பிரிவைச் சேத்துப் படி.
48: ஜனாதிபதி அவசர ஆணை போடலாம், ஏழு அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கலாம். ஆனா சபை கேட்டா ஆணையை ரத்து பண்ணியே ஆகணும்.
25: ஜனாதிபதி சபையைக் கலைக்கலாம். 60 நாளுக்குள்ள தேர்தல்.
53: சான்சலரை நியமிக்கிறதும் நீக்குறதும் ஜனாதிபதி.

கவிதா அக்கா: தனித்தனியாப் பாத்தா ஒண்ணும் தப்பாத் தெரியாது. 48-க்குக் கடிவாளம் சபை கையில இருக்கு. ஆனா சபை அந்தக் கடிவாளத்தை இழுத்தா, 25-ஐ வச்சு சபையவே கலைச்சிடலாம். கலைஞ்ச பிறகு ஆணையை ரத்து பண்ண ஆளே கிடையாது.

பெரியப்பா: அப்படியே நடந்துச்சு. 1930 ஜூலை. சான்சலர் ப்ரூனிங்கோட நிதி மசோதா சபைல தோத்துப் போச்சு. உடனே அதையே 48-ஆம் பிரிவுல ஆணையாப் போட்டாங்க. ஜூலை 18-ஆம் தேதி சபை 236-க்கு 222 ஓட்டுல அதை ரத்து பண்ணுச்சு. அன்னைக்கே சபை கலைப்பு. கொஞ்ச நாள்ல ஆணை திரும்ப வந்துடுச்சு. செப்டம்பர் 14 தேர்தல்ல நாஜிகள் 12 இடத்துலேருந்து 107-க்குப் போயிட்டாங்க.

மாமா: மச்சான், விகிதாச்சாரத் தேர்தல் முறைதானே காரணம்? 60,000 ஓட்டுக்கு ஒரு சீட்டுன்னு அள்ளிக் கொடுத்தாங்களே.

பெரியப்பா: பாதிக் காரணம் மாப்ள. சின்னக் கட்சி நிறைய உள்ள வந்துச்சு, 14 வருஷத்துல சுமார் 20 மந்திரிசபை மாறுச்சு. 1928-ல வெறும் 2.6% வாங்கின நாஜிகளுக்கு 12 சீட்டு. 5% ஓட்டு வாங்கினாத்தான் சீட்டுன்னு அப்ப ஒரு வரம்பு இருந்திருந்தா வெளியே நின்னிருப்பாங்க. ஆனா 1930-ல அவங்க வாங்கினது 18.3%. எந்த வரம்பும் தடுத்திருக்காது.

அத்தை: அண்ணே, பொருளாதாரத்தை விட்டுட்டீங்க. 1932 தொடக்கத்துல 60 லட்சம் பேர் வேலையில்லாம இருந்தாங்க.

பெரியப்பா: விடல வசந்தி. ஆனா அதே சமயம் அமெரிக்காவிலயும் நாலுல ஒருத்தருக்கு வேலை இல்ல. அங்க ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4-ல ஜனாதிபதியாப் பதவி ஏத்தார், 9-ஆம் தேதி அவங்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கூடிடுச்சு, ஜூன் நடுப்பகுதி வரைக்கும் உக்காந்து சட்டம் போட்டாங்க. ஜெர்மனில நேர்மாறு. சபை கூடின நாள் 1930-ல 94. 1932-ல 13.

பெரியப்பா: இன்னொரு கணக்கும் இருக்கு. 1931-ல சபை போட்ட சட்டம் 34, அவசர ஆணை 44. 1932-ல சட்டம் அஞ்சே அஞ்சு, ஆணை அறுபதுக்குக் குறையாம. 1933-ல ஹிட்லர் வர்றதுக்கு முன்னாடியே சபை வேலை செய்யறத நிறுத்திடுச்சு செந்தில். கட்டுரையோட மையம் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

செந்தில்: சபையே ஏன் சும்மா இருந்துச்சு? ரத்து பண்ற அதிகாரம் இருந்துச்சே.

பெரியப்பா: பயம். சோஷல் டெமாக்ரட் கட்சிக்காரங்களுக்கு ப்ரூனிங்கைப் பிடிக்காது. ஆனா ஆணையை எதிர்த்து ஓட்டுப் போட்டா மறுபடியும் கலைப்பு, மறுபடியும் தேர்தல், நாஜிகள் இன்னும் பெருசா வருவாங்க. அதனால பொறுத்துக்கிட்டாங்க. அந்த நேரத்துக்கு நியாயமான கணக்குதான். ஆனா ரெண்டு வருஷம் அப்படியே ஓடினதுல, சபை இல்லாமலே ஆட்சி நடத்தலாம்னு எல்லாருக்கும் பழகிப் போச்சு.

கவிதா அக்கா: கவிழ்க்கிற பெரும்பான்மை இருந்துச்சு, ஆளுற பெரும்பான்மை இல்ல. 1932 ஜூலைத் தேர்தல்ல நாஜிக்கு 230 இடம், கம்யூனிஸ்ட்டுக்கு 89. சேத்தா 319, மொத்தம் 608. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெருவுல அடிச்சுக்கிறவங்க. சேந்து ஆள மாட்டாங்க, ஆனா எந்த அரசையும் தள்ளிவிட முடியும். அப்ப சான்சலரா இருந்தவர் பாப்பன். செப்டம்பர் 12-ல அவர் அரசுக்கு எதிரா 512-க்கு 42 ஓட்டு! அப்பவும் பாப்பன் போகல. கலைப்பு ஆணை கையில இருந்துச்சு, சபைதான் போச்சு.

காலை 9:05

அத்தை: 1949 அடிப்படைச் சட்டத்துல, அதாவது இப்ப இருக்கிற அரசியல் சட்டத்துல, ஜெர்மன்காரங்க இதைக் குறிவச்சே சரி பண்ணினாங்க. 67-ஆவது பிரிவு: அடுத்த சான்சலரைப் பெரும்பான்மையில தேர்ந்தெடுத்தாத்தான் இருக்கிறவரைக் கவிழ்க்க முடியும். தீர்மானத்துக்கும் ஓட்டெடுப்புக்கும் நடுவுல 48 மணி நேரம். 1972 ஏப்ரல்ல சான்சலர் வில்லி பிராண்ட்டுக்கு எதிராக் கொண்டுவந்தாங்க, 249 ஓட்டு வேணும், 247தான் கிடைச்சுது. 1982 அக்டோபர் 1-ல சான்சலர் ஷ்மிட் போய் அந்த இடத்துக்குக் கோல் வந்தது இந்தப் பிரிவுலதான். ஒருநாள்கூட அரசு இல்லாம இருக்கல.

அத்தை: 48 மாதிரி தனி அதிகாரமும் இப்ப அங்க ஜனாதிபதிக்குக் கிடையாது. 79-ஆவது பிரிவு மூணாவது உட்பிரிவு, மனித கண்ணியத்தையும் கூட்டாட்சி அமைப்பையும் திருத்தத்தாலகூடத் தொட முடியாதுன்னு சொல்லுது. 2024 டிசம்பர்ல அரசியல் சட்ட நீதிமன்றத்தோட அமைப்பையும் சட்டத்துக்குள்ளயே எழுதிட்டாங்க. 16 நீதிபதி, 12 வருஷப் பதவிக்காலம். இனி அதை மாத்த மூணுல ரெண்டு பங்கு வேணும்.

கவிதா அக்கா: மூணுல ரெண்டு பங்கை மட்டும் நம்பாத செந்தில். 1933 மார்ச் 23, அதிகாரமளிப்புச் சட்டம். சபை இல்லாமலே ஹிட்லர் அரசு சட்டம் போடலாம்னு சொன்னது அது. அதுக்கும் மூணுல ரெண்டு வேணும்னுதான் இருந்துச்சு. கம்யூனிஸ்ட் உறுப்பினர் 81 பேரை உள்ளயே விடல. அனுமதி இல்லாம வராதவங்களையும் வந்ததாக் கணக்கு வைக்கலாம்னு சபை விதியை அன்னைக்கே மாத்தினாங்க. கத்தோலிக்கர்களோட சென்டர் கட்சி, ஹிட்லர் கொடுத்த வாய்மொழி வாக்குறுதியை நம்பி ஆதரவாப் போட்டுச்சு. 444-க்கு 94. எதிர்த்த 94 பேரும் சோஷல் டெமாக்ரட். சுத்தி நாஜிகளோட அதிரடிப்படை ஆளுங்க நிக்கும்போது எதிர்த்துப் போட்டாங்க, அவங்களைக் கட்டுரைல விட்டுடாத.

பெரியப்பா: அந்தச் சட்டத்துக்கு நாலு வருஷ ஆயுள்தான். 1937-ல நீட்டினாங்க, 1939-ல நீட்டினாங்க, 1943-லயும் நீட்டினாங்க. வைமார் அரசியல் சட்டத்தை நாஜிகள் கடைசி வரைக்கும் முறைப்படி ரத்தே பண்ணல.

செந்தில்: இந்தியாவோட தொடர்புபடுத்தலாமா? வலிஞ்சு இழுத்த மாதிரி ஆயிடுமோ?

அத்தை: நேரடித் தொடர்பே இருக்கு. நெருக்கடி நிலைல அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கிற ஏற்பாடு வைமார் சட்டத்துலேருந்து நமக்கு வந்ததாத்தான் பாடத்துல சொல்றாங்க. 1949 ஆகஸ்ட்ல அரசியல் நிர்ணய சபைல எச்.வி. காமத், வைமார் 48-ஐக் காட்டியே எச்சரிச்சார்.

அத்தை: 1975 ஜூன் 25 ராத்திரி நெருக்கடி நிலைப் பிரகடனத்துல ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். மந்திரிசபைக்கு மறுநாள் காலைலதான் தெரியும். 1978-ல 44-ஆவது திருத்தம் அந்த ஓட்டைகளை ஒவ்வொண்ணா அடைச்சுது. "உள்நாட்டுக் குழப்பம்" போய் "ஆயுதக் கிளர்ச்சி"ன்னு ஆச்சு. மந்திரிசபை முடிவு எழுத்துல இருக்கணும். ரெண்டு சபையும் ஒரு மாசத்துக்குள்ள சிறப்புப் பெரும்பான்மையில ஏத்துக்கணும், ஆறு மாசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். மக்களவைல பத்துல ஒரு பங்கு பேர் எழுதிக் கொடுத்தா, நெருக்கடியை நீக்கலாமான்னு பாக்க 14 நாளுக்குள்ள சபை கூடணும். உயிர், தனிமனித சுதந்திரம் மாதிரி 20, 21-ஆவது பிரிவு உரிமைகளை எப்பவும் நிறுத்த முடியாது.

மாமா: மாநில அரசைக் கலைக்கிறது? அங்கயும் இருந்துச்சா?

பெரியப்பா: 1932 ஜூலை 20. பிரஷ்யா மாநிலத்துல ஓட்டோ பிரௌன் அரசை பாப்பன் 48-ஐ வச்சு நீக்கினார். ஜெர்மனியோட மிகப் பெரிய போலீஸ் படை மத்திய அரசு கைக்குப் போச்சு. ஆறு மாசம் கழிச்சு அது ஹிட்லரோட ஆள் கோரிங் கைல. அந்தப் படை சோஷல் டெமாக்ரட் கையிலயே இருந்திருந்தா 1933 இவ்வளவு சுலபமா நடந்திருக்காது. இது என் கருத்து.

அத்தை: இங்க மாநில அரசைக் கலைக்கிற 356-ஆவது பிரிவுக்கு 1994-ல எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பு இருக்கு, ஒன்பது நீதிபதி அமர்வு. பெரும்பான்மையைச் சபைலதான் சோதிக்கணும், பிரகடனத்தை நீதிமன்றம் ஆராயலாம், நாடாளுமன்றம் ஏத்துக்குற வரைக்கும் சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது.

செந்தில்: அப்ப நம்மகிட்ட ஓட்டை எல்லாம் அடைச்சாச்சா அத்தை?

அத்தை: இல்லப்பா. அவசரச் சட்டம் இருக்கே. சபை கூடாத நாள்லதான் போடலாம், சபை கூடி ஆறு வாரத்துல காலாவதி. பீகார்ல 1967-லேருந்து 1981 வரைக்கும் 256 அவசரச் சட்டத்தை, சபைக்குக் கொண்டுபோகாமலே திரும்பத் திரும்பப் போட்டு உயிரோட வச்சிருந்தாங்க, சிலதை 14 வருஷம் வரைக்கும். 1986 வாத்வா வழக்குல இது அரசியல் சட்டத்தை ஏமாத்துற வேலைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2017-ல ஏழு நீதிபதி அமர்வும் அதை உறுதி பண்ணுச்சு.

கவிதா அக்கா: சபை கூடற நாளையும் போடு. முதல் மக்களவை அஞ்சு வருஷத்துல 677 நாள் உக்காந்துச்சு. 17-ஆவது மக்களவை 274. ரெண்டு கூட்டத்தொடருக்கு நடுவுல ஆறு மாசத்துக்கு மேல போகக்கூடாதுன்னு மட்டும்தான் 85-ஆவது பிரிவு சொல்லுது. வருஷத்துக்குக் குறைஞ்சது இத்தனை நாள்னு எங்கயும் இல்ல. நம்ம ஆளுங்க ரொம்பக் கம்மியாப் பேசுற விஷயம் இது. கட்டுரைல ஒரு பத்தி முழுசா எழுது.

அத்தை: பிரிவு எண்ணைக் குழப்பிடாத. அவசரச் சட்டம் ஜனாதிபதிக்கு 123, ஆளுநருக்கு 213. வாத்வா வழக்கு 213-ல வந்தது.