ஹாங்காங் டிஸ்னிக்குக் கெளம்புற நேரத்துல தைஃபூன் வருதாம், போலாமா வேணாமா?

செந்தூல்_அம்மணி எழுதுனது (செவ்வாய் இரவு)

வணக்கம், கொஞ்சம் அவசரம், யாராச்சும் அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. வியாழக்கிழமை காலையில கேஎல்ஐஏ ஏர்போர்ட்லேர்ந்து ஹாங்காங் போறோம். நானு, வீட்டுக்காரரு, 7 வயசு மக, 4 வயசு மகன், அப்பறம் எங்க அத்தை, 66 வயசு, இனிப்புநீரு (சர்க்கரை வியாதி), பிரஷர் ரெண்டும் இருக்கு. திங்கக்கிழமை ரிட்டர்ன். டிஸ்னிலேண்ட் டிக்கெட் சனிக்கிழமைக்கு எடுத்தாச்சு. ரெண்டு வருசமா சேத்த காசு, எல்லாம் சேத்து 9,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல போச்சு.

இப்ப என்னான்னா பிலிப்பைன்ஸ் பக்கம் ஒரு புயல் கெளம்பி சனி ராத்திரி இல்ல ஞாயிறு ஹாங்காங்க ஒட்டி வரும்னு சொல்றாங்க. நமக்கு புயல்னா என்னா தெரியும் சொல்லுங்க, சாயங்காலம் பெருமழை பேஞ்சா மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் ஆத்துல தண்ணி ஏறுதான்னு பாப்போம், ஜாலான் ஈப்போல மரம் சாஞ்சா ஜாம்ல உக்காந்து திட்டுவோம், அதோட முடிஞ்சிச்சு. பிளேன் கம்பெனிக்காரன் "எல்லாம் டைம்படி போகுது"ன்னு சொல்றான், நாங்களா கேன்சல் பண்ணா காசு வராதாம். இன்சூரன்ஸ் எடுக்கல, திட்டாதீங்க, நாளைக்கு எடுக்கலாம்னு இருந்தோம்.

வீட்டுக்காரரு என்னா சொல்றாருன்னா "அங்க புயல் எச்சரிக்கை சிக்னல் நம்பர் பத்து வரைக்கும் இருக்கு, இப்ப ஒண்ணுகூட ஏத்தல, ஒண்ணு ரெண்டு மூணுன்னு படிப்படியா ஏறுறதுக்குள்ள நாம டிஸ்னிய பாத்துட்டு ரூமுக்கு வந்துறலாம்". எனக்கு மனசு ஒப்பல. மக என்னடான்னா எல்சா கவுன போட்டுக்கிட்டே மூணு நாளா தூங்குறா. என்ன செய்யட்டும்?

---

கெப்போங்_ராஜா

போகாதீங்க. வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க, இன்சூரன்ஸ் வேற இல்ல. நம்ம சன்வே லகூன் பார்க் எங்கயும் ஓடிப் போகாது, ஒரு நாள் அங்க கூட்டிட்டுப் போங்க. 9,000 போனா போவட்டும்.

---

பட்டர்வொர்த்_டு_கொளூன்

ராஜா அண்ணே, 9,000 வெள்ளிய "போனா போவட்டும்"னு சொல்ற அளவுக்கு நம்ம யாருக்கும் வசதி இல்ல லா.

சிஸ், நான் 6 வருசமா இங்க ஹாங்காங்ல, கொளூன் பக்கம்தான் வேல செய்யுறேன். மொதல்ல உங்க வீட்டுக்காரர் கணக்க சரி பண்ணணும், ஏன்னா அதுலதான் எல்லா டூரிஸ்ட்டும் மாட்டுறாங்க. ஊர்நாட்டு நியூஸ்ல பாத்திருப்பீங்கல்ல, நாகப்பட்டினத்துல மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு, அங்க 11 வரைக்கும் நம்பர் வரிசையா இருக்கும். இங்க அப்படி இல்ல. 1, 3, அடுத்து நேரா 8, அப்பறம்தான் 9, 10. ரெண்டு கெடையாது, நாலு அஞ்சு ஆறு ஏழு எதுவும் கெடையாது. அந்தக் காலத்துல 5லேர்ந்து 8 வரைக்கும் இருந்துச்சாம், காத்து எந்தத் திசையிலேர்ந்து அடிக்குதுங்கிறதுக்குத்தான் அந்த நம்பருங்க, ஜனங்க அத பலம்னு நெனச்சு குழம்புறாங்கன்னு 1973ல எல்லாத்தையும் 8ன்னு ஆக்கிட்டு பக்கத்துல வடகிழக்கு தென்மேற்குன்னு திசைய மட்டும் போட ஆரம்பிச்சாங்க. அதனால "மூணுதான, இன்னும் நாலு படி இருக்கு"ன்னு க்யூல நிக்காதீங்க, அடுத்த படியே கதவு சாத்துற படி.

1ன்னா புயல் 800 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, வெயில்கூட அடிக்கும், அன்னிக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. 3ன்னா மணிக்கு 41லேர்ந்து 62 கிலோமீட்டர் காத்து. டிஸ்னி தொறந்துதான் இருக்கும், ஆனா வெளியில சுத்துற ரைடு சிலத நிறுத்துவாங்க, பேரேட், ராத்திரி வாணவேடிக்கைக்கெல்லாம் கேரண்டி கெடையாது. 8ன்னா 63க்கு மேல, பார்க் மூடிருவாங்க, ஸ்கூல் மூடிரும், ஆபீஸ் வீட்டுக்கு அனுப்பிருவான், கப்பல் நிக்கும், பஸ் கொஞ்சம் கொஞ்சமா நிக்கும். 10ன்னா 118க்கு மேல, அப்ப ஜன்னல் பக்கமே போகக்கூடாது.

ஒரே நல்ல விசயம், 8 ஏத்துறதுக்கு முன்னாடி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஏத்தப் போறோம்னு அப்சர்வேட்டரி (இங்கத்த வானிலை ஆபீஸ்) சொல்லிரும். அவங்க ஆப்ப ஃபோன்ல போட்டு வைங்க. அந்த அறிவிப்பு வந்த நிமிசமே கெளம்பணும், கடைசியா ஒரு ரைடுன்னு நிக்கக்கூடாது, ஏன்னா ஊரு மொத்தமும் அதே ரெண்டு மணி நேரத்துலதான் எம்டிஆர்ல (மெட்ரோ ட்ரெய்ன்) ஏறும். டிஸ்னி இருக்கிறது லாந்தாவ் தீவுல, அங்க போற குட்டி ட்ரெய்ன் ஓடுறது வெட்டவெளி ட்ராக்ல. 8ல எம்டிஆர் குறைச்சு ஓடும், 9 இல்ல 10 போச்சுன்னா வெட்டவெளி பகுதி எல்லாம் நிக்கும். டாக்ஸிக்காரனும் அந்த நேரத்துல மீட்டருக்கு மேல கேப்பான், இன்சூரன்ஸ் கவர் ஆகாதுன்னு ஒரு காரணம் சொல்லுவான்.

நான்னா என்ன செய்வேன், சனிக்கிழமை டிக்கெட்ட வெள்ளிக்கு மாத்திருவேன். ஏஜெண்ட் மூலமா எடுத்திருந்தா இப்பயே ஏஜெண்ட்ட கேளுங்க, டிஸ்னி கௌண்டர்ல போயி நின்னா "எங்க வாங்குனீங்களோ அங்க கேளுங்க"ன்னுதான் சொல்லுவாங்க.

---

மங்கீஸ்_ஆயர்ஈத்தாம்

தங்கச்சி, நாங்க 2018ல மங்குட் புயல்ல மாட்டுனவங்க. செப்டம்பர் 16, நம்ம மலேசியா தினம், லாங் வீக்கெண்டு வருதேன்னு பினாங்குலேர்ந்து குடும்பமா 11 பேர் போனோம். மங்குட்னா தாய்லாந்து பாசைல மங்குஸ்தான் பழமாம், நம்ம மங்கீஸ்தான். அப்படி ஒரு அடி அடிச்சதால அந்தப் பேர ரிட்டையர் பண்ணிட்டு பதிலுக்கு க்ராத்தோன்னு வச்சாங்க, அதுவும் பழம்தான், நம்ம மலாய்ல செந்தூல் பழம்னு சொல்றமே அது! உங்க ஊர் பேரு. அந்தப் பேரும் 2024ல தைவான அடிச்சிட்டு ரிட்டையர் ஆயிருச்சு. சரி கதைக்கு வர்றேன்.

காலையில 9:40க்கு பத்தாம் நம்பர் ஏத்துனாங்க, ராத்திரி 7:40க்குத்தான் எறக்குனாங்க, சொளையா பத்து மணி நேரம். நாங்க 27வது மாடி. பில்டிங் ஆடுது மா, பொய் சொல்லல, டாய்லெட் கிண்ணியில தண்ணி அங்கயும் இங்கயும் ஊஞ்சல் ஆடுச்சு. எங்க அக்கா கந்தசஷ்டி சொல்ல ஆரம்பிச்சவங்க மத்தியானம் சோறுக்குத்தான் நிறுத்துனாங்க. புயல் நேரா ஹாங்காங் மேல கூட வரல, தெக்கால ஒரு 100 கிலோமீட்டர் தள்ளித்தான் போச்சு, அதுக்கே இப்படி. ஹுங் ஹோம் பக்கம் ஒரு ஆபீஸ் பில்டிங்ல கண்ணாடியெல்லாம் நொறுங்கி உள்ள இருந்த பேப்பர் மொத்தமும் பறவை மாதிரி பறந்ததை டிவியில காட்டுனாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், ஹாங்காங்ல அன்னிக்கு ஒரு உயிர் போகல. ஏன்னா ஜனங்க சொன்ன பேச்சக் கேட்டு உள்ள இருந்தாங்க. அதனால புயல் நாள நெனச்சு ரொம்ப பயப்படாதீங்க, கெட்டியான ஹோட்டல்ல ஜன்னல விட்டுத் தள்ளி உக்காந்தா அது போரடிக்கிற ஒரு நாள், அவ்வளவுதான்.

எங்கள அழ வச்சது மறுநாள். அன்னிக்கு ஒரு நாள்ல மட்டும் 800க்கு மேல ஃப்ளைட் கேன்சல், மறுநாள் எல்லாரும் ஒண்ணா ஏர்போர்ட்டுக்கு வந்து நிக்கிறாங்க. ரோடெல்லாம் மரம், பஸ் இல்ல, ட்ரெய்ன் ஸ்டேஷன்ல ஆளு மேல ஆளு. நாங்க வர வேண்டிய பிளேன் மூணு நாள் கழிச்சுத்தான் கெடைச்சுது. எங்க மாமாவுக்கு பிரஷர் மருந்து சரியா நாலு நாளைக்கு எண்ணி எடுத்துட்டு வந்தாரு மனுசன், கணக்குல கெட்டிக்காரராம். கடைசி ரெண்டு நாள் மருந்துக்கு நான் பட்ட பாடு முருகனுக்குத்தான் தெரியும், அங்க டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டேன்னுட்டான், ஃபீஸ் கட்டி டாக்டரப் பாத்து வாங்குனோம்.

அதனால அத்தைக்கு இன்னும் ஒரு வாரத்து மருந்து சேத்து கைப்பையில வைங்க, பெட்டியில போடாதீங்க. மருந்துச் சீட்டு ஃபோட்டோ புடிச்சு ஃபோன்ல வைங்க. இனிப்புநீரு உள்ளவங்களுக்கு நேரத்துக்கு சாப்பாடு வேணும், முந்தின நாள் சாயங்காலம் கடைக்குப் போனா ரொட்டி தட்டு காலியா இருக்கும், அதுக்கு முன்னாடியே வாங்கி வச்சிருங்க. மெகி மீ (நூடுல்ஸ்) பத்து பாக்கெட் இங்கேர்ந்தே எடுத்துட்டுப் போங்க, பிஸ்கட்டு, மைலோ, பாட்டிக்கு ஊறுகாய். வெக்கப்படாதீங்க.

---

டிக்கெட்_கௌண்டர்_கேஎல்

ட்ராவல் லைன்ல 14 வருசம் இருக்கேன், காசு விசயம் மட்டும் சொல்றேன்.

நீங்களா கேன்சல் பண்ணாதீங்க. நீங்க பண்ணா அது உங்க விருப்பம், காசு போச்சு. புயல் நெருங்க நெருங்க பிளேன் கம்பெனிங்களே அந்தத் தேதிகளுக்கு ஃப்ரீயா தேதி மாத்திக்கலாம்னு பெரும்பாலும் அறிவிப்பாங்க, அதுக்குக் காத்திருங்க, ஈமெயில் ஆப் ரெண்டையும் பாத்துக்கிட்டே இருங்க. அவங்க கேன்சல் பண்ணா ரீஃபண்ட் இல்ல வேற ஃப்ளைட், ரெண்டுல எது வேணும்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. மலேசியாவுல 2024 செப்டம்பர் 2லேர்ந்து இன்னொண்ணும் இருக்கு, 5 மணி நேரமோ அதுக்கு மேலயோ டிலே ஆகி நீங்க போகலன்னு முடிவு பண்ணாலும் ரீஃபண்ட் கேக்கலாம், 30 நாளுக்குள்ள, எந்த வழியா கட்டுனீங்களோ அந்த வழியாவே தரணும். வவுச்சர நீட்டுனா அவசரப்பட்டு ஓகே அமுக்காதீங்க. புகார்னா முன்னாடி மாவ்காம்னு விமான ஆணையம் இருந்துச்சு, அது 2025 ஆகஸ்ட்ல சிஏஏஎம், அதாவது மலேசிய சிவில் விமானத் துறைகூட சேந்துருச்சு, இப்ப அங்கதான் போகணும்.

இன்சூரன்ஸ்: இப்ப எடுத்தா இந்தப் புயலுக்கு தரமாட்டாங்க, பேர் வச்சு நியூஸ்ல வந்துட்ட புயல் தெரிஞ்ச ஆபத்து கணக்குல போயிரும். ஆனா அத்தைக்கு திடீர்னு உடம்புக்கு ஏதாச்சும்னா உதவும், அதுக்காகவாவது எடுங்க, எடுக்கும்போது பழைய வியாதிக்கு என்னா எழுதியிருக்குன்னு படிங்க. அடுத்த தடவை ஃப்ளைட் புக் பண்ற அன்னிக்கே எடுத்துருங்க சிஸ். ஆகஸ்ட் செப்டம்பர் அந்தப் பக்கம் புயல் சீசன்னு நான் கவுண்டர்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, யாரும் கேக்கறதில்ல, டிக்கெட் மலிவா இருக்குன்னு பாய்ஞ்சிருவாங்க. மலிவா இருக்கிறதே அதுக்குத்தானே!

---

கெப்போங்_ராஜா

நம்ம ஊருக்கு மட்டும் ஏன் இது வர்றதில்ல? சும்மா கேக்குறேன்.

---

பட்டர்வொர்த்_டு_கொளூன்

பூமி சுத்துறதுனாலதான் புயல் சுழலுது அண்ணே, பூமத்திய ரேகைகிட்ட அந்தத் திருப்புற சக்தி ரொம்ப கம்மி. கேஎல் 3 டிகிரி, ஹாங்காங் 22. ஆனா வரவே வராதுன்னு இல்ல, 1996 டிசம்பர்ல கிரெக் சபாவ அடிச்சு நூத்துக்கணக்குல செத்தாங்க, 2001 டிசம்பர்ல வாமெய் சிங்கப்பூர்கிட்டயே உருவாகி ஜொகூர்ல ஏறுச்சு.

---

செந்தூல்_அம்மணி (புதன் இரவு)

எல்லாருக்கும் நன்றி. உக்காந்து பேசுனோம். வீட்டுக்காரரு 3க்கு அப்பறம் 8னு படிச்சதும் கொஞ்ச நேரம் பேசல. ஏஜெண்ட் டிஸ்னிய வெள்ளிக்கு மாத்திக் குடுத்துட்டாரு. 38வது மாடி ரூம் வேணாம், கீழ குடுங்கன்னு ஹோட்டலுக்கு எழுதிட்டேன். அத்தைக்கு 14 நாளு மருந்து. பெட்டியில பாதி மெகி மீதான். போறோம். ராஜா அண்ணே கோச்சுக்காதீங்க.

---

கெப்போங்_ராஜா

கோவம்லாம் இல்ல மா. பத்திரம். அத்தைய தனியா விட்டுட்டு க்யூல நிக்காதீங்க.

---

செந்தூல்_அம்மணி (சனி இரவு, கொளூன்)

9வது மாடிலேர்ந்து எழுதுறேன். நேத்து டிஸ்னி பாத்தாச்சு, காலையில வெயில், மத்தியானம் மூணாம் நம்பர் ஏத்திட்டாங்க, ராத்திரி வாணவேடிக்கை இல்ல, மக அரை மணி நேரம் அழுதா, அப்பறம் அந்த ஃப்ரோசன் ஊர்ல படகுல ரெண்டு தடவ போயி சமாதானம். அத்தை வீல்சேர்ல உக்காந்து எங்கள விட நல்லா என்ஜாய் பண்ணாங்க.

இன்னிக்கு சாயங்காலம் எட்டு ஏத்துனாங்க. ஜன்னல்ல காத்து விசிலடிக்குது, ரோட்டுல ஒரு ஆளு இல்ல, எதிர் கட்டடத்துல கண்ணாடிக்கெல்லாம் டேப்பு ஒட்டியிருக்காங்க. கர்ட்டன இழுத்து விட்டுட்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் பாய் விரிச்சாச்சு. அத்தை பிள்ளைங்களுக்கு சோழி இல்லாம எம் அண்ட் எம் மிட்டாய வச்சு தாயம் சொல்லிக் குடுக்குறாங்க, ஆட்டம் முடியறதுக்குள்ள காய எல்லாம் என் மகன் தின்னுட்டான்.

பட்டர்வொர்த் ப்ரோ, ஒரே ஒரு கேள்வி. சிக்னல் எறங்குனதும் சிம் ஷா சுய் பக்கம் தோச கடை எத்தன மணிக்குத் தொறக்கும்? மெகி மீ வாசமே பிடிக்கலன்னு வீட்டுக்காரரு மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டு இருக்காரு.

---

பட்டர்வொர்த்_டு_கொளூன்

எறங்குன ஒரு மணி நேரத்துல சிம் ஷா சுய் சுங்கிங் மேன்ஷன் கட்டடத்துல யாராச்சும் அடுப்பு பத்த வச்சிருவாங்க. மரம் முறிஞ்சு தொங்கும், மேல பாத்து நடங்க. நானும் அங்கதான் வருவேன், வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க, தோச நான் வாங்கித் தரேன்.