சினிமா எடுத்த இடம் பார்க்க வெளிநாடு போனவர்கள், அங்கே கண்டதைச் சொல்லுங்கள்

நகரி:

கல்லூரித் தோழிகள் சேர்ந்து புக்கெட் போய்வந்தோம், சென்னையிலிருந்து. திரும்பி வந்ததும் தெருவில் எல்லோரும் கேட்டது ஜேம்ஸ் பாண்ட் தீவு பார்த்தாயா என்றுதான். பார்த்தேன். 1974ல் வந்த பாண்ட் படத்தில் வில்லனின் இடமாகக் காட்டியது அது, பாங் நா விரிகுடாவில் இருக்கிறது, தீவின் சொந்தப் பெயர் காவ் பிங் கன். அதற்கு முன்னால் கடலுக்குள் தனியாக நிற்கும் சுண்ணாம்புப் பாறையைத்தான் எல்லோரும் போட்டோவில் பார்த்திருப்போம், 20 மீட்டர் உயரம் இருக்கும், அலை அரித்து அடிப்பக்கம் ஒடுங்கிவிட்டது. அதனாலேயே 1998லிருந்து படகைப் பாறைக்குக் கிட்டே விடுவதில்லை, இந்தக் கரையில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கரை சின்னது, கூட்டம் பெரியது, சிப்பி மாலை விற்கும் கடைகள் வேறு. எனக்கு அதைவிடப் பிடித்தது மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய கோ பன்யீ என்கிற ஊர். பாறையை ஒட்டித் தண்ணீருக்குள் கால் ஊன்றி மொத்த ஊரையும் கட்டியிருக்கிறார்கள், முஸ்லிம் மீனவர்கள், பள்ளிவாசல் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, மிதக்கும் பந்தாட்டத் திடல்கூட இருக்கிறது. மீனும் சோறும் நம் நாக்குக்கு ஒத்துவந்தது.

மாயா பே பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லியனார்டோ டிகாப்ரியோ நடித்து 2000ல் வந்த படத்தால் பேர் வாங்கிய கடற்கரை, ஃபீ ஃபீ லே தீவில் இருக்கிறது. படத்துக்காக மணலை வாரி மட்டமாக்கித் தென்னை நட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு 2022 வரை நடந்தது. படம் வந்த பிறகு ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை இறங்கிப் பவளப்பாறை எல்லாம் நாசமாகி, 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு முன்பக்கம் வராது, தீவின் பின்பக்கம் இறங்கி மரப்பாதையில் நடந்து வர வேண்டும், நீந்தக் கூடாது, முழங்கால் அளவு தண்ணீர் வரைக்கும்தான். கூட வந்த சிலர் இதற்காகவா இவ்வளவு காசு என்று சலித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கட்டுப்பாடு முழுக்கச் சரி என்று பட்டது, ஏனென்றால் கரையோரத்திலேயே கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் திரிவதைக் கண்ணால் பார்த்தோம், மூடி வைத்ததால் திரும்பி வந்தவை அவை. ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுவார்கள், அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அண்ணா பாங்காக் பக்கம் ஏதோ பாலம் பார்த்ததாகச் சொன்னீர்களே, அதை எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:

எழுதுகிறேன் தங்கச்சி, கொஞ்சம் நீளும். தாய்லாந்து போகும் தமிழன் எவனாக இருந்தாலும் பட்டாயாவில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு காஞ்சனாபுரிக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம், ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் செட்டு எல்லாம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் ஆட்கள், ஒரே தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒருவன் தேங்காய் மண்டி, ஒருவன் டிராக்டர் மெக்கானிக், ஒருவன் கோயம்புத்தூரில் வேலை. கொச்சியிலிருந்து பாங்காக் போனோம். எங்களில் படப் பைத்தியம் ஒருவன் இருக்கிறான், பழைய ஆங்கிலப் படம் எல்லாம் அத்துப்படி, 1957ல் டேவிட் லீன் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ அவனுக்கு உயிர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்களிடம் பிடிபட்ட கைதிகள் ரயில் பாலம் கட்டுகிற கதை. அந்தப் பாலத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான், மற்றவர்களுக்கு ரயிலில் போகலாமே என்கிற ஆசை, சரி என்று கிளம்பினோம்.

பாங்காக்கில் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து காலை ஒரு வண்டி, மதியம் ஒரு வண்டி. மூன்றாம் வகுப்பு, ஏசி கிடையாது, ஜன்னல் எல்லாம் திறந்தபடி, வெளிநாட்டுக்காரர்களுக்கு 100 பாட். நம்ம பொள்ளாச்சி லைன் பழைய பாசஞ்சர் வண்டியில் போவது போலவே இருந்தது, வெளியேயும் நெல்லும் கரும்பும்தான். அந்த வண்டியே பாலத்தின்மேல் மெதுவாகப் போகும். ஆனால் நாங்கள் காஞ்சனாபுரியில் இறங்கி, பாலத்தில் நடந்தே போனோம், எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள், ரயில் வந்தால் ஒதுங்கி நிற்க இடையிடையே சின்ன மேடை வைத்திருக்கிறார்கள்.

படத்தில் பார்த்தது மரப்பாலம், அதுவும் கடைசியில் வெடித்துப் போய்விடும். நிஜத்தில் நிற்பது இரும்புப் பாலம். ஜப்பான்காரர்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த வளைந்த சட்டங்கள், நடுவில் மட்டும் இரண்டு கண் மேலே தட்டையாக வித்தியாசமாக இருக்கும், அவை குண்டு விழுந்த இடத்தில் போர் முடிந்த பிறகு மாற்றியவை. அதைவிட ஆச்சரியம், ஆற்றின் இந்தப் பகுதிக்கு முன்பு மே க்லோங் என்றுதான் பெயர். கதை எழுதியவர் குவாய் என்று எழுதிவிட்டார், படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் குவாய் ஆறு எங்கே என்று கேட்டதில் 1960களில் ஆற்றின் பெயரையே குவே யாய் என்று மாற்றிவிட்டார்கள். ஒரு படத்துக்காக ஓர் ஆறு பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவு பலம் அந்தப் படத்துக்கு.

அந்தப் படத்தில் வராதவர்கள் யார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பாலத்தின்மேல் நின்று நாங்கள் சத்தமாகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தபோது, வேட்டி கட்டிய ஒரு பெரியவர், எழுபது தாண்டியிருக்கும், மகன் மருமகளோடு நின்றவர், “எந்த ஊரு தம்பி?” என்றார். பாலக்காடு பக்கம்ங்கய்யா என்றோம். “மலையாளியா?” இல்லைங்க, தமிழ்தானுங்க, எல்லையில இருக்கோம் என்றோம். அவர்கள் மலேசியா, சுங்கை பட்டாணியிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். “படம் பாத்துட்டு வந்தீங்களா?” என்றார். ஆமாம் என்றதும், “நான் எங்க சின்னத் தாத்தாவுக்காக வந்தேன்” என்றார்.

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்க நாங்கள் ஆற்றங்கரை டீக்கடையில் உட்கார்ந்துவிட்டோம். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டங்களில் வேலை இல்லை, சோறு இல்லை. சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் போடுகிறார்கள், மூன்று மாத வேலை, கூலி உண்டு, அரிசி உண்டு என்று தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுகிறவர், சொல்லி அவர் தாத்தாவும் தாத்தாவின் தம்பியும் ஏறியிருக்கிறார்கள். தாத்தா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார், தம்பி வரவில்லை. காலரா என்று மட்டும் தாத்தா சொல்லுவாராம், அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவாராம். தானாக வந்த ஆட்கள் தீர்ந்த பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்திருக்கிறார்கள். இலவசப் படக்காட்சி என்று அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பியதாக அந்தக் காலத்துப் பதிவுகளே இருக்கின்றன. இதைக் கேட்டதும் எங்கள் படப் பைத்தியம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனிடம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கணக்கைப் பாருங்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942ல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். 60,000க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள், அதில் 12,000க்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளிகள், அதாவது தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், ஏறத்தாழ 2 லட்சம் பேர், செத்தவர்கள் 80,000 முதல் 1 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று சொல்ல ஆள் இருந்தது, யார் செத்தார் என்று ஒளித்து வைத்தாவது எழுதி வைத்தார்கள். நம் ஆட்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் மதிப்பீடு என்கிறார்கள், பெயர்ப்பட்டியல் கிடையாது.

ஊருக்குள் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஏறக்குறைய 7,000 பேர், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் பெயர்ப் பலகை, வயது, வீட்டார் எழுதிக்கொடுத்த ஒரு வரி, புல் வெட்டிப் பூச்செடி வைத்து அவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், செத்தவர்களுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். வாசல் கட்டடத்தில் பிரிக்கப்படாத இந்தியப் படையைச் சேர்ந்த 11 பேரின் பெயரும் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்த பல்லாயிரம் தமிழரில் ஒருவர் பெயர்கூட அங்கே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2023ல் தமிழர்கள் முயற்சி எடுத்து, ஊருக்குள் ஒரு புத்த கோவில் வளாகத்தில் நடுகல் நாட்டியிருக்கிறார்கள். பெரியவர்தான் எங்களைக் கூட்டிப் போனார். கல்லுக்கு முன்னால் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, தோட்டத்தின் பெயரையும் சின்னத் தாத்தாவின் பெயரையும் வாய்விட்டுச் சொன்னார். நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டோம்.

மறுநாள் ஹெல்ஃபயர் பாஸ் போனோம், 80 கிலோமீட்டர் இருக்கும். மலையை வெறும் சுத்தியல், உளி, கொஞ்சம் வெடிமருந்து கொண்டு பிளந்த இடம், இரவும் பகலும் வேலை, தீப்பந்த வெளிச்சத்தில். 1998ல் ஆஸ்திரேலிய அரசு அமைத்த காட்சியகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, நேரம் எடுத்துப் பாருங்கள். மெக்கானிக் நண்பன் பாறையில் இன்னும் தெரிகிற துளைகளைக் கையால் தடவிப் பார்த்து, இதை ஆள் கையால் போடுவதா என்று கேட்டுக்கொண்டே நடந்தான்.

மூணாறு:

அண்ணே, நான் இதே படத்தின் இன்னொரு முனைக்குப் போனவன். அந்தப் படத்தைத் தாய்லாந்தில் எடுக்கவே இல்லை, இலங்கையில் கித்துல்கல என்கிற ஊரில் களனி ஆற்றில் எடுத்தார்கள். அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகிற ரோட்டில் இருக்கிறது. படத்துக்காகவே ஒரு மரப்பாலம் கட்டி, அதன்மேல் நிஜ ரயிலை ஓட்டி, வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது அங்கே போனால் ஆற்றோரம் கான்கிரீட் அடித்தளம் மட்டும் மிச்சம். ரோட்டிலிருந்து இறங்கிப் போக வேண்டும், வழுக்கும். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் ராஃப்டிங் போய்விட்டார்கள், அதுவும் அங்கே நன்றாக இருக்கும்.

எனக்கு மறக்காதது அதற்குப் பிறகு ஹட்டன் பக்கம் ஏறியது. இரண்டு பக்கமும் தேயிலை, தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள், கொழுந்து எடுக்கிற அம்மாக்கள் பேசுவது எங்கள் பாட்டி பேசின தமிழ். ஒரு அம்மா எந்த ஊரு என்று கேட்டார், மூணாறு, நாங்களும் எஸ்டேட்காரங்கதான் என்றேன். “அங்கயும் லயமா?” என்றார். ஆமாம்மா என்றேன். “எத்தனை காம்பரா?” என்றார், அறையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சொன்னேன். இங்கேயும் அதேதான் என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்விட்டார். இலங்கை மலைத் தோட்டங்களுக்குத் தமிழர் வந்து 200 வருஷம் ஆனதற்கு 2023ல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்களே, அவர்களைச் சேர்ந்தவர். மலாயாத் தோட்டத்துக்குப் போனதும் இதே கங்காணி, அதாவது ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவன், வழியாகத்தான். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, எங்கள் ஆட்கள் மூணாறில் இறங்கியது, அந்த அம்மாவின் ஆட்கள் ஹட்டனில் இறங்கியது, அந்தப் பெரியவரின் தாத்தா சயாமுக்கு ஏறியது எல்லாமே யார் எந்தக் கங்காணி கையில் அகப்பட்டார் என்பதைப் பொறுத்ததுதான் என்று தோன்றுகிறது. கித்துல்கலவில் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், படத்தின் கதைக்குப் பின்னால் செத்த தமிழர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. மேலே மலை முழுக்கத் தமிழர்கள் இருக்கிற நாட்டில் அந்த ஒரு வரியை எழுதி வைக்கலாம்.

நகரி:

அண்ணா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. முடியுமா?

கொழிஞ்சாம்பாறை:

முடியும் தங்கச்சி. பாலமும் கல்லறைத் தோட்டமும் சமதளம்தான், பாலத்தின் நடுவில் பலகை போட்டிருக்கிறார்கள், கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிப் போகலாம். ஹெல்ஃபயர் பாஸில் படிகள் அதிகம், அம்மா மேலே காட்சியகத்தில் இருக்கட்டும், நீங்கள் இறங்கிப் பார்த்து வாருங்கள். காஞ்சனாபுரியிலிருந்து ‘நாம் தோக்’ ஸ்டேஷன் வரை ரயிலில் போனால் இடது பக்க சீட் பிடியுங்கள், தாம் கிராசேயில் மலையை ஒட்டி மரத்தூண்களின்மேல் வண்டி ஊர்ந்து போகும், ஆறு அந்தப் பக்கம்தான் தெரியும். அதுவும் அதே ஆட்கள் போட்டதுதான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கற்பூரத்தை விமானத்தில் விடமாட்டார்கள், பையில் வைக்க வேண்டாம். நடுகல்லுக்குப் பூ மாலை வேண்டுமென்றால் பாங்காக்கில் சீலோம் மாரியம்மன் கோவில் வாசலில் வாங்கிக்கொள்ளலாம், காலையிலேயே கடை திறந்துவிடும்.