கங்கைகொண்ட சோழபுரத்து சரஸ்வதி கையில வீணையே இல்லையே, ஏன்?

மதி_அப்பா:
போன வாரம் கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தோம். வடக்கு வாசல் படிக்கட்டுகிட்ட சிவன் தன் அடியார் சண்டேசர் தலையில பூமாலை சுத்தி விடுவாரே, அந்த சிற்பத்த பாத்துட்டு திரும்புனா சரஸ்வதி. தாமரை மேல உக்காந்திருக்காங்க, முகத்துல அப்படி ஒரு அமைதி, நகரவே மனசு வரல. ஆனா வீணை இல்ல. ஒருவேளை உடைஞ்சிருக்குமோன்னு கிட்ட போய் பாத்தேன், அப்படியும் தெரியல. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் பொண்ணு "அப்ப இது சரஸ்வதி இல்லப்பா"ன்னுட்டா. வீட்டு காலண்டர்ல வீணையோடதான பாத்திருக்கா. பதில் சொல்லத் தெரியாம நின்னேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவகிட்ட தப்பா எதுவும் சொல்லிடக்கூடாது.

சிற்பத்தேடல்:
அது சரஸ்வதியேதான் சார், ஞான சரஸ்வதின்னு சொல்வாங்க. சோழர் காலத்து சரஸ்வதி நிறைய வீணை இல்லாமத்தான் இருக்கும், சுவடி, அக்கமாலை (அட்சமாலைன்னும் சொல்வாங்க, ஜபமாலைதான்), கமண்டலம் இதுங்கதான் முக்கியம். இன்னும் பின்னாடி போனா மதுரால, அதாவது வடக்க இருக்குற மதுரா, கி.பி. 2-ம் நூற்றாண்டு சமணர் சிற்பம் ஒண்ணு கெடச்சிருக்கு, நமக்கு கெடச்ச சரஸ்வதி சிலைங்கள்ல ரொம்ப பழசு அதுதான்னு சொல்றாங்க, தலை போயிடுச்சு, ஆனா இடது கையில சுவடிய இன்னும் புடிச்சிட்டிருக்கா. வீணையோட செஞ்ச பழைய சிலைங்களும் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா நம்ம மனசுல பதிஞ்ச உருவம் ரவி வர்மா 1896-ல வரைஞ்ச படம், வீணை, பக்கத்துல மயில். அது அச்சாகி வீட்டுக்கு வீடு பூஜை ரூமுக்கு வந்துடுச்சு, காலண்டர்காரங்களும் அதையே புடிச்சுகிட்டாங்க.

வேதாரண்யத்துக்காரி:
எங்க ஊர் கோயில்லயும் சரஸ்வதிக்கு வீணை கெடையாதுங்க, சுவடிதான். எங்க அம்பாள் பேரே யாழைப் பழித்த மொழியாள். அம்பாள் குரலுக்கு முன்னாடி தன் வீணை எடுபடலன்னு சரஸ்வதி அத கீழ வச்சுட்டு சுவடிய எடுத்துகிட்டான்னு எங்க ஆச்சி சொல்லும். அண்ணன் சொல்ற சிற்ப வரலாறு வேற, இது தலபுராணம், ரெண்டையும் போட்டு குழப்பிக்க வேணாம். ஆனா கொழந்தைக்கு சொல்றதுக்கு இதுதான் நல்லாருக்கும், கல்வி தெய்வமே இன்னொருத்தர் குரல் ஒசத்தின்னு ஒத்துகிட்ட கதை இல்லையா, எனக்கு இப்பவும் கேட்டா சிலிர்க்கும்.

பூந்தோட்டம்_மாமி:
கூத்தனூர யாருமே சொல்லலையே! தமிழ்நாட்டுல சரஸ்வதிக்குன்னே இருக்குற கோயில், ஒட்டக்கூத்தர் பேரால வந்த ஊர். அங்க மூலவருக்கே வீணை இல்ல, சின்முத்திரை, புத்தகம், அட்சமாலை, அமிர்தகலசம், அவ்ளோதான். வெள்ளப் புடவைல பாக்கணும் நீங்க.

அட்சமாலைய பத்தி பொண்ணுகிட்ட கண்டிப்பா சொல்லுங்கோ. அ-ல ஆரம்பிச்சு க்ஷ-ல முடியற எழுத்துகள்தான் அந்த மாலைன்னு பெரியவா சொல்லுவா, ஒவ்வொரு மணியும் ஒரு எழுத்து. அவ உருட்டிண்டிருக்கறது மொழியையே. அதனாலதான் நவமி அன்னிக்கு புஸ்தகத்தையெல்லாம் அடுக்கி சந்தனம் குங்குமம் வச்சு பூஜைல வெக்கறோம், அன்னிக்கு ஒரு வரி கூட படிக்கப்படாது, மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து படிச்சே ஆகணும். சின்ன வயசுல எனக்கு அந்த ஒரு நாள்தான் படிக்கணும்னு கை பரபரக்கும். புதுசா ஸ்கூல் சேர்ற கொழந்தேள அன்னிக்கு மடில உக்காத்தி வச்சு, விரல புடிச்சு நெல்லுல 'அ' எழுத வெப்பா. கூத்தனூர்ல அன்னிக்கு நோட்டும் பேனாவுமா கூட்டம் அலமோதும், சீக்கிரமே போயிடுங்கோ.

சிற்பத்தேடல்:
மாமி சொன்னது ரொம்ப சரி, கூத்தனூர நான் விட்டுட்டேன். மயிலாடுதுறை, திருவாரூர் லைன்ல பூந்தோட்டம் ஸ்டேஷன்ல எறங்குனா பக்கம்தான்.

மதி_அப்பா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வேதாரண்யம் கதையும் மாலை கதையும் நேத்து ராத்திரி சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "அப்பா, தமிழுக்குன்னா அந்த மாலைல 247 மணி வேணுமே"ன்னா. விஜயதசமிக்கு கூத்தனூர் போறோம், அவளே மணி எண்ணி பாக்கணுமாம்.