ஏழாம் பகுதியில் ஆமையைக் கொல்வது யார்?

கேள்வி: ஐஸ் கம்பெனி கணக்கர், கடலூர் முதுநகர்

வணக்கம். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலை நாலு மணிக்கு முதல் லோடு ஏறினால் ஒன்பது மணிக்குத்தான் உட்கார முடியும். அந்த ஒன்பது மணிக்கு மேல், பழைய பில் புத்தகங்களின் பின்பக்கத்தில் ஒரு தொடர்கதை எழுதி வருகிறேன். உலகம் முடிகிற கதை. மொத்தம் பன்னிரண்டு பகுதி. ஆறு முடிந்து நண்பர்கள் படித்துவிட்டார்கள். ஏழில் இரண்டு மாதமாக நிற்கிறேன்.

கதை நடப்பது 2071இல், இதே ஊரில். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. மணல் சூடானால் பெண் குஞ்சுகள் கூடும். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பவளத்திட்டுப் பகுதியில் பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள்: இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கதை அங்கேதான் பிறந்தது. ஆண் ஆமையே இல்லாத கடல். தை மாசம் கரையேறி, குழி தோண்டி, நூறு முட்டை இட்டு, மூடிவிட்டுப் போகிற தாய்கள். ஐம்பது நாள் காத்திருந்து தோண்டிப் பார்த்தால் ஒன்றும் பொரிந்திருக்காது.

அப்புறம் கடல் முழுக்கச் சொறி, அதாவது ஜெல்லி மீன். மடியை (இழுவலையின் பையை) தூக்கினால் சொறி, கரையில் கால் வைத்தால் சொறி. கல்பாக்கம் அணுமின் நிலையம் கடல்நீர் எடுக்கிற வாயில் சொறி வந்து அடைப்பது இப்போதே நடக்கிற விஷயம். கதையில் முதலில் அணைவது அந்த விளக்குதான். கரண்ட் போனால் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாவிட்டால் மீனுக்கு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த இரண்டு பகுதிகளை நான் நன்றாகவே எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

தடுமாற்றம் வில்லனில். மிஞ்சிய ஆமைகளை உயிரோடு அறுத்து மருந்து எடுக்கும் ஒரு கம்பெனியை வைத்திருந்தேன். ஆறாம் பகுதியில் அந்த அறுக்கும் கூடம் நாலு பக்கம் வருகிறது. புதுச்சேரியில் இருக்கும் ஒரு டீச்சரம்மா, "பாதியில் மூடிவிட்டேன், இனி படிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள். கொடுமையைக் காட்டாமல் கொடுமையைப் பற்றி எப்படி எழுதுவது என்று அவர்கள்மேல் வருத்தம்தான் வந்தது.

போன ஜனவரியில் ஒரு நாள் வேலை முடிந்து சோனங்குப்பம் பக்கம் கரையோடு நடந்தேன். நாலு ஆமைகள் செத்து ஒதுங்கியிருந்தன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருக்கிறேன். கிட்டத்தில் பார்ப்பது வேறு. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. கழுத்து உப்பி, கண் வெளியே தள்ளியிருந்தது. ஒன்றின் துடுப்பில் ஈரமணல் காயாமல் இருந்தது. ஆறேழு வயசுப் பையன் ஒருத்தன் குந்தி உட்கார்ந்து ஓட்டைத் தடவிக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்து, "யார் மாமா இத அடிச்சாங்க?" என்றான்.

யாரும் அடிக்கவில்லை. இழுவலைக்குள் மாட்டி மூச்சு முட்டிச் செத்தது. ஆமைக்கு நுரையீரல், மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். சும்மா கிடந்தால் மணிக்கணக்கில் தாங்கும், திமிறினால் இருக்கிற மூச்சு மளமளவென்று தீர்ந்துபோகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வலை இழுத்த படகுக்கு ஐஸ் ஏற்றி, பில் போட்டது நானாகக்கூட இருக்கலாம்.

அன்றிலிருந்து என் கம்பெனி வில்லன் எனக்குப் பொய்யாகத் தெரிகிறான். அவனை எடுத்துவிட்டால் என் தெருக்காரர்கள்தான் மிஞ்சுகிறார்கள். அவர்களை உலகத்தை முடித்தவர்களாக எழுத எனக்கு மனசு வரவில்லை. எழுதாமல் விட்டால் அந்த ஆமைக்குத் துரோகம். கடலும் படகும் மிருகமும் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

---

பதில்: முத்தியால்பேட்டை டீச்சர்

மூடி வைத்தவள் நான்தான். கோபத்தில் சொன்னேன், மன்னியுங்கள்.

2022 நவம்பர் 30 அன்று மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி காலை நடைக்குப் போன இடத்தில் தெருவிலேயே விழுந்து செத்துப்போனாள். ஊரே அழுதது. என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் அன்றைக்குப் பாடம் கேட்கவில்லை. ரத்தம் எதையும் யாரும் பார்க்கவில்லை. நேற்றுவரை தும்பிக்கை நின்ற இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். கூட்டமாக வாழ்கிற ஒரு மிருகம் தெருவில் நம்மோடு எப்படி வாழ்ந்தது என்று ஒரு பிள்ளை கேட்டாள். நாம் அவள்மேல் வைத்த அன்பு உண்மை, அந்தக் கேள்வியும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அன்று வீட்டுக்குப் போனேன்.

உங்கள் அறுக்கும் கூடத்தில் எனக்கு வேலையே இல்லை. அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். அந்தப் பையன் கேட்ட கேள்வியிலிருந்து அப்படிப் போக முடியாது.

---

பதில்: சிங்காரத்தோப்புப் பொண்ணு

அண்ணே, எங்க அண்ணன் விசைப்படகுல போறவரு. அதனால சொல்றேன், மொதல்ல ஒண்ண சரி பண்ணுங்க. ரெண்டாம் பகுதியில வலைய வீசினதும் தூக்குறாங்க. அப்படிக் கெடையாது. மடிய எறக்கினா ரெண்டு மணி, மூணு மணி நேரம் இழுக்கணும். அதுக்குப் பேரு ஒரு பாடு. அந்த நேரத்துல மேல இருக்கவங்க சோறு ஆக்குவாங்க, ஒருத்தர் தூங்குவாரு, ஒருத்தர் போன்ல பொண்டாட்டிகிட்ட ஸ்கூல் ஃபீஸ் பத்திப் பேசுவாரு. ஆமை சாவுறது அப்பதான். மேல ஒருத்தருக்கும் தெரியாது.

மடி கனமா வந்தா சந்தோஷம்தான் வரும். நல்ல பாடுன்னு நெனப்பாங்க. முடிச்ச அவுத்துத் தளத்துல கொட்டுனா மீனுக்கு அடியில இருந்து ஓடு தெரியும். அண்ணன் மொத வேலையா ஒரு வாளி தண்ணிய மொண்டு அது தலையில ஊத்தி, கண்ண மூடித் தொறக்குதான்னு பாப்பாராம். தொறந்தா ரெண்டு பேரு தூக்கி மெதுவா எறக்கி விடுவாங்க. தொறக்கலன்னா கும்பிட்டுட்டுத் தள்ளி விடுவாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்தா அண்ணன் சரியா சாப்பிட மாட்டாரு. அம்மா கேக்காமலே புரிஞ்சுக்கும்.

ஆமை வெளிய போற கருவி ஒண்ணு இருக்கு. கொச்சியில இருக்கற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம வலைக்குத் தக்க மாதிரியே செஞ்சிருக்கு. கம்பிச் சட்டம்ணே. மீன் இடுக்கு வழியா மடிக்குள்ள போயிடும், ஆமை சட்டத்துல முட்டி மேல இருக்கற ஓட்டை வழியா வெளிய போயிடும். அந்த ஓட்டையில மீனும் போயிடும்னு எங்காளுங்களுக்குப் பயம். டீசல் போட்டுட்டுப் போறவனுக்கு அந்தப் பயம் சின்னதில்ல. அதே கருவி இல்லைன்னுதான் 2019லேருந்து நம்ம கடல் இறால அமெரிக்காக்காரன் வாங்குறதில்ல. விலை எறங்குனது உங்க பில் புத்தகத்துலயே இருக்கும் பாருங்க.

எங்க ஊரு 2004 டிசம்பர் 26 சுனாமியிலயே ஒரு தடவை முடிஞ்சுபோன ஊரு. உலகம் முடியறத எங்களுக்கு யாரும் கதையா சொல்ல வேண்டாம். அதனால எங்கள எழுதாம விட்டுடாதீங்க. நல்லவங்களா மட்டும் எழுதுறதும் வேண்டாம். அந்த வாளித் தண்ணிய எழுதுங்க.

---

பதில்: வில்லியனூர் மாட்டு டாக்டர், ஓய்வு

தம்பி, வில்லன் இல்லாத பேரழிவு ஒன்றில் எனக்கே பங்கு உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் காய்ச்சல், கால்வலி என்று வரும் மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடுவோம். ஒரு மணி நேரத்தில் மாடு எழுந்து நிற்கும். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டம் கூட்டமாக விழுந்தன. பிணந்தின்னிக் கழுகு இனங்களில் சில 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. மருந்துதான் காரணம் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். 2006இல் மாடுகளுக்கு அதைக் கொடுக்க இந்தியாவில் தடை வந்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருந்தது, வலியும் கேட்டது, கழுகும் சாகவில்லை. இன்று தமிழ்நாட்டில் அவற்றைப் பார்க்க முதுமலை, மாயாறு பக்கம் போக வேண்டும்.

கழுகை வெறுத்தவர் யாரும் இதில் இல்லை. மாட்டின்மேல் இருந்த இரக்கம்தான் ஊசியாகப் போனது. நான் எத்தனை போட்டேன் என்று கணக்கு வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால் இன்னும் கஷ்டப்பட்டிருப்பேன்.

சட்டத்தையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். 1972 வனவிலங்குச் சட்டமோ இந்த ஆமையைப் புலியோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. ஒரே உயிர், ஒரு தாளில் பத்து ரூபாய், இன்னொரு தாளில் புலிக்குச் சமம். 2071இல் உங்கள் நாயகி ஏதோ ஒரு பழைய அலுவலகத்தில் இந்த இரண்டு தாள்களையும் கண்டெடுக்கலாமே.

---

பதில்: ஆமை முட்டைப் பொரிப்பகத்துக்காரன், புதுச்சேரி

பருவத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு கரையில் நடக்கிறவன் நான். உணர்ச்சியைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு உங்கள் கணக்கில் ஒரு குறை.

ஆண் ஆமை குறைவது உடனே வெளியில் தெரியாது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பெண் ஆமை விந்தைத் தனக்குள் சேமித்து வைத்து, அதே பருவத்தில் இரண்டாவது, மூன்றாவது தடவை முட்டை இடும். குஞ்சு வளர்ந்து முட்டையிட வர ஏறக்குறைய 15 வருஷம் ஆகும். ஆகவே ஆண் அருகிப்போன பிறகும் பல வருஷம் கரை நிறையத் தாய்கள் வந்துகொண்டே இருக்கும். பெண் அதிகமானதால் கூடு எண்ணிக்கை கூடக்கூடச் செய்யலாம். எல்லாரும் "ஆமை பெருகுகிறது" என்று மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். கதையில் நீங்கள் காட்டுகிற "திடீரென்று ஒரு வருஷம்" அதற்கு அப்புறம்தான் வர முடியும். எனக்கு உங்கள் அறுக்கும் கூடத்தைவிட அந்த மகிழ்ச்சி பயமாக இருக்கிறது.

இன்னொன்று. வெயில் ஏறும் மாசியில், பங்குனியில் நாங்கள் குழிகளுக்கு மேல் கீற்று நிழல் போடுகிறோம். மணல் ஓரிரு பாகை தணிந்தாலே ஆண் குஞ்சுகள் கூடும். 2071இல் எவனாவது ஒருத்தன் கீற்று முடைந்துகொண்டிருக்கட்டும்.

---

ஐஸ் கம்பெனி கணக்கர்:

நாலு பேருடைய பதிலையும் பிரின்ட் எடுத்து பில் புத்தகத்தில் ஒட்டிவிட்டேன். டாக்டர் ஐயா, அந்தப் பத்து ரூபாய்த் தாள் பதினோராம் பகுதியில் வருகிறது. பொரிப்பகத்து நண்பருக்கு: மூன்றாம் பகுதியைத் திருத்துகிறேன். கூடுகள் பெருகிய வருஷங்களில் ஊரில் ஆமைத் திருவிழா கொண்டாடுகிறார்கள் என்று வைக்கப்போகிறேன். அதை எழுதும்போது எனக்கே கை நடுங்குகிறது.

அறுக்கும் கூடம் நாலு பக்கத்தையும் கிழித்தாகிவிட்டது. டீச்சரம்மா, மறுபடி திறந்து பாருங்கள். ஏழாம் பகுதி இனிமேல் ஒரே ஒரு பாடு. மடி இறங்குவதில் தொடங்கி ஏறுவதில் முடிகிறது. நேற்று எழுதிய வரிகள்:

*"அடுப்பில் உலை கொதித்தது. அரிசியை அவன் மூன்று தடவை அலசினான். மகளுக்கு நோட்டு வாங்க வேண்டும் என்று போனில் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை நோட்டு என்றான். ஆறு என்றாள். கோடு போட்டதா, போடாததா என்று கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் உள்ளே போனாள். அவன் காத்திருந்தான். படகு இழுத்துக்கொண்டே போனது."*

கடலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இது போதுமா, ஒளித்த மாதிரி ஆகிவிடுமா? தங்கச்சி, நீதான் சொல்ல வேண்டும்.

---

சிங்காரத்தோப்புப் பொண்ணு:

உலை கொதிக்கறப்ப எஞ்சின் சத்தம் லேசா மாறும்ணே, மடி கனத்தா அப்படித்தான். அவன் அத கவனிச்சானான்னு மட்டும் எழுதுங்க.

முழுசா முடிச்சதும் ஏப்ரல் 15க்கு மேல வாங்க. தடைக்காலம் 61 நாளும் அண்ணன் கரையிலதான் இருப்பாரு. கெழக்க கொட்டாய்க்குப் பக்கத்துல மடி கிழிசல் தைப்பாங்க. அங்க உக்காந்து படிச்சுக் காட்டுங்க. தப்பு இருந்தா அவரு சொல்வாரு. அந்தப் பையனையும் கூட்டிட்டு வாங்க.